அஷ்டபந்தனம்: எண்மருந்து சாத்துதல்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கோயில் அழைப்பிதழ்களில் 'ஜீர்ணோத்தாரண அஷ்டபந்தன மகா கும்பாபிஷேகம்' என்று ஒரே மூச்சில் அச்சிட்டிருப்பார்கள். ஜீர்ணோத்தாரணம் என்றால் பழுது நீக்கிப் புதுக்குவது. நகரத்தார் ஊர்களில் அதற்குத் திருப்பணி என்ற சொல்லே வழக்கு. கும்பாபிஷேகம் குடமுழுக்கு. நடுவில் நிற்கும் அஷ்டபந்தனத்தைப் பலரும் விழாவுக்குச் சூட்டிய அடைமொழி என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் அது கல்லோடு கல்லை ஒட்டும் ஒரு சாந்து.

வடமொழியில் அஷ்ட என்றால் எட்டு, பந்தனம் என்றால் கட்டு. தமிழ் ஒலிக்கு ஏற்ப அட்டபந்தனம் என்றும் எழுதுவதுண்டு. எட்டுப் பொருள்கள்: கொம்பரக்கு, சுக்கான் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். கொம்பரக்கு என்பது மரக்கொம்பில் படிந்தபடியே ஒடித்தெடுக்கும் அரக்கு. சுக்கான் சுண்ணாம்புக்கல், சுண்ணாம்பு அரைத்து வீடு கட்டிய செட்டிநாட்டுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அரக்கும் குங்கிலியமும் பிடிப்பைத் தரும், சுக்கானும் காவியும் உடல் கொடுக்கும், பஞ்சு நார்போல ஓடி வெடிப்பைத் தடுக்கும், மெழுகும் வெண்ணெயும் நீரை விலக்கும்.

இது போகும் இடத்தைத் தெரிந்துகொண்டால்தான் சொல்லின் பொருள் விளங்கும். இலிங்கத்தின் அடிப்பகுதி சதுரம், நடு எண்பட்டை, மேல் உருளை. கண்ணுக்குத் தெரிவது மேற்பகுதி மட்டுமே. நடுப்பகுதி ஆவுடையார் என்னும் பீடத்தின் குழிக்குள் இறங்கி நிற்கும். இரண்டும் சேரும் விளிம்பில் ஒரு சந்து இருக்கும். வைரவன்பட்டி வைரவர்போல நின்ற திருமேனியானால் பாதத்துக்கும் பீடத்துக்கும் நடுவில். நாள்தோறும் ஊற்றும் நீரும் பாலும் எண்ணெயும் அந்தச் சந்து வழியே உள்ளே இறங்கினால், அடியில் வைத்த யந்திரத் தகடு அரிக்கும், பால் தங்கிப் புளிக்கும், எறும்பு குடியேறும், நாளடைவில் உருவே ஆடும்.

செய்முறையில் பொறுமைதான் பாதி. முதலில் இளங்கோயில், அதாவது பாலாலயம் அமைத்துத் தெய்வ ஆற்றலை அங்கே மாற்றுவார்கள். பிறகு பழைய மருந்தை உளியால் துளியும் மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்து, சந்தை ஈரமின்றிக் காயவிடுவார்கள். உலர்ந்த சரக்குகளைத் தனித்தனியே பொடித்துத் துணியில் சலித்து, கல்லுரலில் இட்டு, வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேர்த்து இரும்பு உலக்கையால் இடிப்பார்கள். இடிக்க இடிக்கச் சூடேறி, பிசைந்த மாவாக இளகி வரும். அந்தப் பதத்தில் கயிறாகத் திரித்துச் சந்தில் அழுத்தி அடைத்து, வெண்ணெய் தொட்ட விரலால் மெழுக வேண்டும். ஆறவிட்டால் உரலிலேயே கல்லாகிவிடும். சாதிலிங்கம் பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சரக்கு. அதை அடுப்பில் ஏற்றவே கூடாது, பொடிக்கும்போதும் மூக்கைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கெடுவதற்கான காரணங்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வெண்ணெய் மிஞ்சினால் மருந்து இறுகாமல் வழியும், குறைந்தால் வெடிக்கும். தேன்மெழுகு என்று மெழுகுவத்தி மெழுகைத் தள்ளிவிடும் கடைகளும் உண்டு. ஈரக் கல்லில் வைத்தால் பற்றாமல் தோலாக உரியும். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரிக்குள் உருகிவிடும் என்பதால் சுடுநீர் அபிடேகம் ஆகாது. எல்லாவற்றிலும் மோசம், அவசரத்துக்குச் சிமெண்டு பூசுவது. அது நெகிழாது, விரிசல் விடும். அடுத்த திருப்பணியில் அதைப் பெயர்க்கப் போய் ஆவுடையார் விளிம்பு உடைந்தாலும் வியப்பில்லை.

தமிழில் எப்படிச் சொல்வது? 'எண்கட்டு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் புரியாது. பணியிடத்தில் ஏற்கெனவே 'மருந்து இடிக்கிறார்கள்', 'மருந்து சாத்தியாயிற்று' என்றுதான் பேச்சு. நோய்க்குக் கொடுப்பது மட்டும் மருந்தில்லை. பல சரக்கு கூட்டிய கலவையும் மருந்துதான், வெடிமருந்து என்கிறோமே. சாத்துதலும் பொருத்தமான வினை. மாலை சாத்துகிறோம், கதவையும் சாத்துகிறோம். இங்கே அணிவிப்பதும் அடைப்பதும் ஒரே செயலாக நடக்கிறது. ஆகவே அழைப்பிதழில் 'எண்மருந்து சாத்தித் திருக்குடமுழுக்கு' என்று போட்டால் பொருளும் கெடாது, ஓசையும் கெடாது.

எல்லா மூலவருக்கும் இது பொருந்தாது. பிள்ளையார்பட்டிக் கற்பக விநாயகர், பாண்டிய நாட்டுக் குடைவரையில் மலைப்பாறையோடு பாறையாகவே செதுக்கப்பட்டவர். அவருக்கும் மலைக்கும் நடுவே அடைக்கச் சந்தே கிடையாது. தனிக்கல்லில் வடித்து நிறுத்திய மூலவர்களுக்கே மருந்து.

அதன் ஆயுள் 12 ஆண்டு என்பது மரபு. அதற்கு முன்பே பெயர்ந்தால் கெடு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அபிடேகம் முடிந்து வெகுநேரம் கழித்தும் விளிம்பில் ஈரம் கசிந்தாலோ, விரல் நகம் உள்ளே இறங்கினாலோ, இளங்கோயில் அமைத்து மருந்தை மாற்றிவிடலாம். புதுக்கிச் செய்யும் இவ்வகைக் குடமுழுக்குக்கு ஆகம வழக்கில் புனராவர்த்தம் என்று பெயர்.