பழைய அம்பிளிபயருக்குக் காதடைத்தால்

திருகோணமலை உப்புவெளியில் கடலுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற நண்பன் ஒருவன், அமெச்சூர் ரேடியோ அனுமதி எடுத்து ஒரு வருடம்கூட ஆகாதவன், பாவித்த சிபி (பொதுமக்கள் பாவிக்கும் குறுந்தூர ரேடியோ) அம்பிளிபயர் ஒன்றை வாங்கி வந்தான். 27 மெகாஹேர்ட்ஸுக்குச் செய்த பெட்டி, பக்கத்தில் இருக்கும் அமெச்சூர் ரேடியோவின் 28-க்கும் ஓடும் என்பது அவன் கணக்கு. மைக்கை அமுக்கினால் வாட் மீற்றரில் முள் ஏறுகிறது. விட்டால் ரேடியோவில் ஒரு சத்தமும் இல்லை. "ட்ரான்சிஸ்டர் போயிட்டுது மச்சான்" என்றான். அது போயிருந்தால் முள் எப்படி ஏறும்?

அந்தப் பெட்டிக்குள் அம்பிளிபயர் மட்டும் இல்லை, ரயில் பாதை பிரிகிற இடம் மாதிரி ஒரு ரிலேயும், அதாவது மின்சாரத்தால் இழுபடும் சுவிட்சும், இருக்கிறது. சும்மா இருக்கும்போது அது அன்டெனாவை நேராக ரேடியோவோடு சேர்த்து வைத்திருக்கும். நாம் கதைக்கத் தொடங்கியதும், ரேடியோவிலிருந்து வரும் 4 வாட்டில் ஒரு துளியை ஒரு டயோட் நேர்மின்னோட்டமாக மாற்றும், அது ஒரு சின்ன ட்ரான்சிஸ்டரைத் திறக்கும், ரிலே 'டக்' என்று இழுக்கும், சிக்னல் பெருக்கும் பாதைக்குப் போகும். ஆக, அம்பிளிபயரை ஓஃப் பண்ணி வைத்திருந்தாலும் நீங்கள் கேட்கும் ஒவ்வொரு சத்தமும் அந்த ரிலேயின் சின்ன உலோகப் பொட்டுகளைத் தாண்டித்தான் வருகிறது.

பெயரிலேயே உப்பு இருக்கிற ஊரில் அந்தப் பொட்டுகள் என்ன பாடுபடும் என்று யோசியுங்கள். மெல்லிய படலம் ஒன்று பிடித்துவிடுகிறது. கதைக்கும் பக்கத்துப் பொட்டுகளிலும் அதே படலம்தான், ஆனால் 100 வாட் 50 ஓம் பாதையில் போகும்போது அங்கே சுமார் 70 வோல்ட் நிற்கிறது, அது படலத்தைக் குத்திக்கொண்டு போய்விடும். அன்டெனாவில் வந்து சேருவதோ மைக்ரோவோல்ட் கணக்கு. வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குக் குத்துகிற பலம் எங்கே? வாய் வேலை செய்து காது மட்டும் அடைத்தது அதனால்தான்.

உறுதிப்படுத்துவது சுலபம். அம்பிளிபயரைக் கழற்றிவிட்டு இரண்டு கேபிளையும் நேராக இணையுங்கள். சத்தம் திரும்பி வந்தால் குற்றவாளி பெட்டிக்குள். கொன்டாக்ட் கிளீனரில் நனைத்த தடித்த காகிதத் துண்டைப் பொட்டுகளுக்கு நடுவே மெல்ல இழுத்தால் போதும். சாண்ட் பேப்பர் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும். மூடி ஒட்டிய ரிலே என்றால் மாற்றுவதுதான் வழி.

பழைய பெட்டிக்கு முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது பொசிட்டிவ் வயரில் 12 வோல்ட், 21 வாட் கார் பிரேக் பல்பு ஒன்றைத் தொடராகப் போடுங்கள். உள்ளே ஷோர்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், வேறெதுவும் எரியாது. பெரிய ட்ரான்சிஸ்டர்களின் வெள்ளைப் பீங்கானை மட்டும் உடைக்கவோ அராவவோ கூடாது. அது பெரிலியம் ஒக்சைட்டாக இருக்கலாம், தூள் நுரையீரலுக்கு விஷம்.

சோதனையெல்லாம் 50 ஓம் டம்மி லோடில் செய்யுங்கள், அதாவது அன்டெனாவுக்குப் பதிலாகப் பூட்டி, அலையை வெளியே விடாமல் சூடாக்கி விழுங்கும் ரெசிஸ்டரில். 1 கிலோஓம், 2 வாட் கார்பன் ரெசிஸ்டர் 20-ஐப் பக்கவாட்டில் இணைத்தால் 50 ஓம், 40 வாட் தாங்கும். 100 வாட்டுக்குச் சில நொடிகள் மட்டும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் வேண்டாம், இந்த அலைவெண்ணில் அது ஒரு கொயில். டம்மி லோட் வேண்டும் என்பதற்கு வேறு காரணமும் உண்டு: அமெரிக்காவிலேயே சிபிக்கு அம்பிளிபயர் பூட்டுவது சட்டத்துக்கு மாறு, இங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் அலைபரப்ப முடியாது.

சரி, ரிலேயைத் துடைத்ததும் காது திறந்தது. உடனே அடுத்தது: கதைத்தால் ரிலே கடகடவென்று அடிக்கத் தொடங்கியது. 100 வாட் தரும் பெட்டி ஏறக்குறைய 200 வாட் விழுங்கும், மீதி சூடு. 13.8 வோல்ட்டில் அது 15 அம்பியருக்குக் கிட்ட. அவன் போட்டிருந்தது 1 சதுர மில்லிமீற்றர் வயர், போக 2 மீற்றர், வர 2 மீற்றர். அதிலேயே ஒரு வோல்ட் போய்விடுகிறது. பியூஸ் கூட்டைத் திறந்தால் உள்ளே பச்சைப் பூச்சு, அங்கே இன்னும் எவ்வளவோ. வோல்டேஜ் சரிந்து ரிலே விடுகிறது, விட்டதும் சுமை குறைந்து வோல்டேஜ் எழும்புகிறது, திரும்ப இழுக்கிறது. பற்றரி முனையில் மீற்றர் வைத்து 12.6 என்று சந்தோஷப்பட்டுப் பயனில்லை; கதைக்கும்போது அம்பிளிபயரின் முனையில் அளக்க வேண்டும். நாங்கள் அளந்தபோது முள் 8-க்கும் 12-க்கும் இடையே ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது அவன் தடித்த வயர் தேடி டவுனுக்குப் போயிருக்கிறான்.