சொல் விளக்கம்: ரெஃபரெண்டம் – பொது வாக்கெடுப்பு

ஆளைத் தேர்ந்தெடுக்க வாக்களித்தால் அது தேர்தல். ஒரு சட்டமோ அரசியலமைப்புத் திருத்தமோ வேண்டுமா வேண்டாமா என்று வாக்காளர்களிடமே நேரடியாகக் கேட்டால் அது ரெஃபரெண்டம்.

‘திரும்பக் கொண்டுசெல்’ என்று பொருள்படும் ‘ரெஃபெர்ரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து வந்த சொல் இது. பழைய சுவிஸ் கூட்டமைப்பில் கான்டன்கள் என்ற உறுப்பு மாநிலங்கள் அனுப்பிய பிரதிநிதிகள் பெரிய விஷயங்களில் தாமாக ஒப்புக்கொள்ள முடியாது. ‘ஆட் ரெஃபரெண்டம்’, அதாவது கேட்டுவர வேண்டியது, என்று சொல்லி, அனுப்பியவர்களிடம் விஷயத்தைக் கொண்டுபோவார்கள். மக்களின் நேரடி வாக்கு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் ஊன்றியது. இதற்கு நெருங்கிய சொல்லான ‘பிளெபிசிட்’ உரோமிலிருந்து வந்தது. பிளெப்ஸ் என்ற சாமானியரின் அவை எடுத்த முடிவுக்கு அந்தப் பெயர். இன்று பெரும்பாலும் ஒரு நிலப்பகுதி யாரோடு சேர்வது என்பது போன்ற கேள்விகளுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

தமிழில் ‘பொது வாக்கெடுப்பு’ நிலைத்துவிட்டது. இலங்கையில் ‘சர்வசன வாக்கெடுப்பு’ என்றும் எழுதுவார்கள். ‘கருத்துக்கணிப்பு’ என்று எழுதுவது பிழை. அது சிலரிடம் மட்டும் கேட்டு ஊகிப்பது, யாரையும் கட்டுப்படுத்தாது. உத்திரமேரூர்க் குடவோலையை இதற்கு முன்னோடியாகக் காட்டுவதும் பொருந்தாது. அது வாரிய உறுப்பினரைக் குலுக்கலில் எடுத்த முறை. கேள்விக்கு விடை கேட்டதல்ல.

பொது வாக்கெடுப்பு என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த வகை என்பதையும் சொல்ல வேண்டும். கடலில் எண்ணெய் எடுப்பதைத் தடுப்பது பற்றி நடந்த இரண்டு வாக்கெடுப்புகளைப் பக்கத்தில் வைத்தால் ஏன் என்று தெரியும்.

அமெரிக்காவின் புளோரிடாவில் 2018 நவம்பர் 6 அன்று, மாநில அரசியலமைப்பில் கடல் எண்ணெய்த் தடையைச் சேர்க்கும் 9ஆம் திருத்தம் வாக்குக்கு வந்தது. முன்வைத்தது 20 ஆண்டுக்கு ஒருமுறை கூடும் 37 பேர் கொண்ட அரசியலமைப்புத் திருத்த ஆணையம். சட்டமன்றத்தைக் கேட்காமலே வாக்குச்சீட்டில் கேள்வி வைக்க அதற்கு அதிகாரம் உண்டு. சாதாரணச் சட்டத்தில் ஏற்கெனவே தடை இருந்தது; ஆனால் அதைச் சட்டமன்றமே பின்னர் எடுத்துவிடலாம். அரசியலமைப்பில் ஏறிவிட்டால் மறுபடியும் மக்களிடம் வந்து 60% வாக்கு வாங்க வேண்டும். திருத்தம் ஏறக்குறைய 69% பெற்று நிறைவேறியது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூடிய பணியிடங்களில் மின்சிகரெட் புகைக்கத் தடையும் அதே கேள்வியில் கட்டப்பட்டிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ‘ஆம்’ அல்லது ஒரே ‘இல்லை’. மக்கள் கையெழுத்துத் திரட்டிக் கொண்டுவரும் திருத்தம் ஒரே பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்ற விதி இந்த ஆணையத்துக்குக் கிடையாது. வழக்குப் போட்டார்கள், கீழ் நீதிமன்றம் கேள்வியை நீக்கச் சொன்னது, மாநில உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இப்படிப்பட்ட வாக்கில் எண்ணெய்த் தடைக்கு மட்டும் எத்தனை பேர் ஆதரவு என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ‘கட்டு வாக்கெடுப்பு’ என்று இதைச் சொல்லலாம்.

இத்தாலியில் 2016 ஏப்ரல் 17 அன்று நடந்தது வேறு வகை: நீக்க வாக்கெடுப்பு. அரசியலமைப்பின் 75ஆம் பிரிவின்படி 5 லட்சம் வாக்காளர்களோ 5 மண்டல அவைகளோ கேட்டால், இருக்கும் சட்டத்தை முழுதாகவோ பகுதியாகவோ நீக்கலாமா என்று கேட்க வேண்டும். இம்முறை கேட்டவை 9 மண்டல அவைகள். கரையிலிருந்து 12 கடல்மைலுக்குள் இயங்கும் எண்ணெய், எரிவாயு உரிமங்கள் அந்த எண்ணெய், எரிவாயு வயலின் ஆயுள் முடியும்வரை தொடரலாம் என்ற வரிதான் கேள்விக்கு வந்தது. அங்கே புதிய உரிமங்களுக்கு முன்பே தடை.

மொழிபெயர்ப்பவர் சறுக்கும் இடமும் இதுவே. ‘நீக்கலாமா?’ என்பது கேள்வி. எனவே ‘ஆம்’ என்றால் எண்ணெய் எடுப்பதற்கு எதிர்ப்பு. வாக்களித்தவர்களில் சுமார் 86% ‘ஆம்’ என்றார்கள். ஆனாலும் தோற்றது. வாக்குரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேல் வந்து வாக்களித்தால்தான் முடிவு செல்லும். வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்போதைய பிரதமர் ரென்சியே வாக்களிக்கப் போகாமல் இருக்கச் சொன்னார். இத்தகைய விதி உள்ள இடத்தில், எதிர்ப்பவர் ‘இல்லை’ போடுவதைவிட வீட்டில் இருப்பதுதான் பலன் தரும். எனவே வாக்கு விழுக்காட்டை எழுதும்போது வாக்குப்பதிவு விழுக்காட்டையும் எழுத வேண்டும்.

‘ஆஃப்ஷோர் டிரில்லிங்’ என்பதைக் ‘கடலோர எண்ணெய் அகழ்வு’ என்று எழுதுவோர் உண்டு. கடலோரம் என்றால் கரைப்பகுதி. இதுவோ கரைக்கு அப்பால், கடலடியில் துளையிடுவது. ‘கடலடி எண்ணெய்த் துரப்பணம்’ பொருத்தமானது. துரப்பணம் துளையிடும் கருவிக்குப் பழைய பெயர்.

‘புளோரிடாவில் கடல் எண்ணெய்க்குத் தடை’ என்ற தலைப்பு உண்மையைவிடப் பெரியது. தடை மாநில எல்லைக்கு உட்பட்ட கடலுக்கு மட்டும்: அட்லாண்டிக் பக்கம் 3 கடல்மைல், மெக்சிகோ வளைகுடாப் பக்கம் சுமார் 9 கடல்மைல். அதற்கு அப்பால் உள்ள கடலடி கூட்டாட்சி அரசுடையது. மாநில வாக்கு அங்கே செல்லாது. உள்ளேயும் தடைப்பட்டது துரப்பணம்தான். வெளியே எடுத்த எண்ணெயை இந்தக் கடல் வழியே கொண்டுசெல்லத் திருத்தமே இடம் தருகிறது. ‘புளோரிடா மாநிலக் கடலில் எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்துக்குத் தடை’ என்று எழுதினால் சரி.