கம்பியைப் பிடித்து வைத்திருப்பது அதன் வரிகள்

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ கடற்கரைப் பக்கமாக நடந்தால், பழைய மாடிக் கட்டடங்களின் பல்கனி அடியில் கொங்கிறீற் கழன்று, கறள் பிடித்த கம்பி வெளியே தெரிவதைக் காணலாம். கடற்காற்றின் உப்பு நுண்துளைகள் வழியே உள்ளே போய்க் கம்பியைத் தொட்டதன் விளைவு அது. கறளுக்கு, அது உண்டான இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு இடம் வேண்டும். அந்த நெருக்கத்தில் கொங்கிறீற் வெடிக்கிறது. கம்பி மீதான பிடிப்பும் போகிறது.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடலாம் என்றால் நியாயமான ஒரு சந்தேகம் எழும்: இவ்வளவு வழவழப்பான உலோகத்தைக் கொங்கிறீற் எப்படிப் பிடிக்கும்?

சீமெந்து உலோகத்தோடு ஒட்டுவதும் ஒரு பிடிப்புத்தான். ஆனால் கம்பி சற்று நகர்ந்தாலே அது விட்டுவிடும். உராய்வும் கொஞ்சம் தாங்கும். பெரும் பாரத்தைச் சுமப்பவை கம்பியின் மேல் சரிவாக ஓடும் புடைத்த வரிகள். கம்பியை இழுக்கும்போது ஒவ்வொரு வரியும் முன்னாலுள்ள கொங்கிறீற்றில் முட்டுகிறது. வரியின் முகம் சாய்வானது. ஆகவே மரக்குற்றியில் இறங்கும் ஆப்பைப் போலச் சுற்றியுள்ள கொங்கிறீற்றை வெளிப்புறமாகவும் தள்ளுகிறது. மேலுள்ள கொங்கிறீற் மெல்லியதாக இருந்தால் கம்பியின் நீளத்துக்கு வெடிப்பு ஓடும். தடிப்பாக இருந்து, வளையக் கம்பிகளும் இறுகச் சுற்றியிருந்தால், வரிகளுக்கு இடையிலுள்ள கொங்கிறீற் நொருங்கிய பிறகே கம்பி உருவி வரும். பிடிப்பின் பலத்தில் பாதி கம்பிக்கு வெளியேதான் இருக்கிறது என்பேன்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குறைந்தது 10.5% குரோமியம் உண்டு. அது மேற்பரப்பில் சில நனோமீற்றர் தடிப்பான ஒட்சைட்டுப் படலமாகி உலோகத்தைக் காக்கிறது. அந்தப் படலத்தில் சீமெந்தின் ஒட்டு சற்றுக் குறைவு. இழுத்துப் பார்க்கும் சோதனைகளில் சாதாரண உருக்கைவிடக் குறைந்த பிடிப்புப் பதிவானதும் உண்டு. இருந்தும் வரிகளின் உயரமும் இடைவெளியும் சரியாக இருந்தால் பிடிப்பு வேலைக்குத் தாராளமாகப் போதும். இந்த உருக்கு வெப்பத்தில் கொங்கிறீற்றைவிடக் கூடுதலாக விரியும். பகலிரவு வெப்ப வேறுபாடு சிறிதான கொழும்பில் அது பெரிய கவலையல்ல.

மெக்சிக்கோவின் புறோகிறெசோ இறங்குதுறை 1937க்கும் 1941க்கும் இடையில் இந்தக் கம்பியால் கட்டப்பட்டு இன்னும் பயனில் இருக்கிறது. அருகே, பிற்காலத்தில் சாதாரணக் கம்பியால் கட்டிய இன்னொரு இறங்குதுறை சிதைந்துபோனது.

விலை பல மடங்கு என்பது உண்மைதான். ஆனால் முழுக் கட்டடத்துக்கும் போடத் தேவையில்லை. கடலைப் பார்த்த பல்கனிகள், வெளித் தூண்கள் போன்ற உப்புப் படும் பகுதிகளுக்கு மட்டும் போட்டு, உள்ளே சாதாரணக் கம்பியை வைக்கலாம். உப்புப் படும் அந்தப் பகுதிகளில், கம்பிகளைப் பிணைக்கும் கட்டுக்கம்பியும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவே இருக்கவேண்டும். இல்லையென்றால் முதல் கறள் அதிலேயே தொடங்கும்.