பழுத்தால் அழகு, பழுக்காவிட்டால் பையன்

கைப்பேசிச் செயலியில் கிரேக்கம் படிக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "'ஓரா' என்றால் மணி, நேரம். 'ஒரேயோஸ்' என்றால் அழகான. இரண்டுக்கும் உறவு உண்டா?"

உண்டு. பழைய கிரேக்கத்தில் 'ஹோரா' என்றால் பருவம். அதிலிருந்து வந்த பெயரடை பருவத்துக்கு வந்ததைக் குறித்தது: விளைந்த தானியம், பழுத்த பழம். கடலோட ஏற்ற காலத்தையும் ஹெசியட் என்ற கவிஞர் இதே சொல்லால்தான் சொல்கிறார். பழுத்தது பார்க்கவும் நன்றாக இருக்குமே, அப்படியே அழகுக்கு நகர்ந்துவிட்டது. இன்றைய கிரேக்கத்தில் பால் பார்த்து ஈறு மாறும். காப்பி அங்கே ஆண்பால், ஆகவே ஒரேயோஸ். நாள் பெண்பால், ஒரேயா. "ஏழு மணிக்குப் பார்க்கலாம்" என்று யாராவது சொன்னால் "ஒரேயா" என்றாலே போதும், நம்முடைய "சரி" மாதிரி.

எனக்குப் பிடித்தது இதன் எதிர்ச்சொல். முன்னால் 'அ' சேர்த்தால் 'அ-ஓரோஸ்': பருவம் வராதது, காய். அடுத்தடுத்து இரண்டு உயிர். சொல்லிப் பாருங்கள். 'அ'வில் தாழ்ந்து கிடக்கும் நாக்கின் பின்பகுதி 'ஓ'வுக்கு மேலே ஏறும். கொஞ்சம் கூடுதலாக ஏறினால் அண்ணத்தை நெருங்கிக் காற்று உரசும். 'அகம்' என்பதில் நாம் மெலிதாகச் சொல்லும் ககரம் போல ஓர் ஒலி பிறந்துவிடும். அப்படித்தான் அது 'அகுரோஸ்' ஆனது. இன்றும் பழுக்காத பழத்துக்கு அந்தச் சொல்தான். அதிலிருந்து கிளைத்த 'அகோரி'க்குப் பொருள், பையன்! இன்னும் பழுக்காதவன். (காசி அகோரிக்கும் இவனுக்கும் சம்பந்தமில்லை.)

பள்ளியில் உடம்படுமெய் படித்தோமே, அதே வேலைதான். நாம் ய், வ் போடுகிறோம். அவர்களுக்கு இங்கே வேறு மெய் வாய்த்தது. 'ஒரேயோஸ்' என்று நான் எழுதியதிலேயே ஒரு யகரம் நுழைந்திருக்கிறது. கிரேக்கர் வாயில் அது கிடையாது. 'ரே'க்குப் பின் வெறும் 'ஒ' எழுதத் தமிழ்க் கைக்கு வரவில்லை.

அப்புறம், அந்த 'ஹோரா'தான் வடமொழி வழியாக நம் பஞ்சாங்கத்துக்கு வந்து 'ஓரை' ஆனது. சங்கப் பாட்டில் பெண்கள் ஆடும் ஓரை வேறு. சுக்கிர ஓரை வரும்வரை பத்திரத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று காத்திருந்த என் பெரியப்பாவிடம், அது யவனர் சொல், மூடநம்பிக்கைகூட இறக்குமதிதான் என்றேன். அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "அப்போ அவனும் நேரம் பார்த்துத்தான் செஞ்சிருக்கான்" என்றார்.