சப்போர்ட்: கீழிருந்து சுமக்கும் சொல்

கொழும்பு புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் லொறியிலிருந்து வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. மூட்டையை முதுகில் வாங்கிய நாட்டாமை (சுமை தூக்கும் தொழிலாளி) ஒருவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். "கீழால பிடிங்க தம்பி!" என்று குரல் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பையன் ஓடிப்போய் மூட்டையின் அடியில் கையைக் கொடுத்தான். சப்போர்ட் என்ற ஆங்கில வினைச்சொல்லின் கதை முழுவதும் அந்தக் கையில் இருக்கிறது.

லத்தீனில் போர்த்தாரே என்றால் சுமந்து செல்வது. சுப் என்றால் கீழே, கீழிருந்து. இரண்டும் சேர்ந்தால் சுப்போர்த்தாரே. ஜூலியஸ் சீசர் தன் போர்க்குறிப்புகளில், படைக்குத் தானியம் கொண்டுவந்து சேர்ப்பதற்கு இந்தச் சொல்லைத்தான் எழுதுகிறார். அங்கேயும் மூட்டைதான்! பிறகு பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது.

இதில் ஒலி மாறிய விதம் நமக்குப் புதிதல்ல. சுப் என்பதன் கடைசி ஒலி, 'அம்பு' என்று சொல்லும்போது வருகிற மெல்லிய பகரம். அடுத்து நிற்பதோ 'பல்' என்பதில் வரும் வல்லொலிப் பகரம். பின்னால் வருவதற்கு ஏற்ப முன்னது மாறி, இரண்டும் ஒன்றாகிவிட்டன. இன் என்ற முன்னொட்டு இதே போர்த்தாரேயோடு சேரும்போது இம்போர்ட் ஆவதும் இப்படித்தான். நம்முடைய 'மரம்' கள் விகுதியைக் கண்டதும் 'மரங்கள்' ஆகிறதே, அதே வேலை. உள்ளே சுமந்து வந்தால் இம்போர்ட், வெளியே சுமந்து போனால் எக்ஸ்போர்ட், செய்தியைத் திரும்பச் சுமந்து வந்தால் ரிப்போர்ட். கொழும்புத் துறைமுகத்தில் தினமும் புழங்குகிற சொற்கள் இவை.

சரி, மூட்டையைச் சுமப்பது எப்படி மனிதருக்குத் துணை நிற்பதாக மாறியது? ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குத் தொடக்க காலத்திலேயே 'பொறுத்துக்கொள்' என்ற பொருளும் இருந்தது. பிரெஞ்சில் இன்றும் அதுதான் முதன்மையான பொருள். தமிழில் 'தாங்கு' என்பதைப் பாருங்கள். தூண் கூரையைத் தாங்குகிறது. இந்த வெயிலைத் தாங்க முடியவில்லை. நொடித்துப்போன குடும்பத்தை அண்ணன் தாங்குகிறார். ஒன்றோடொன்று உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. மேலிருந்து அழுத்தும் பாரத்தை எல்லா உடம்பும் ஒரே மாதிரித்தான் உணர்கிறது. அதனால்தான் இப்படி என்று நினைக்கிறேன்.

போன் கடைகளில் "இந்த போன் அந்த அப்பை சப்போர்ட் பண்ணாது" என்கிறார்கள். மென்பொருள்களின் தமிழ்ப் பட்டியல்களில் அதற்கு 'ஆதரவு' என்று போடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 'தாங்காது' என்றால் பாரமும் அடியில் நிற்கிற கையும் உடனே கண்ணுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்துப் பழைய தெருவோரங்களில் அந்தக் கையைக் கல்லிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், தூக்கிவிட ஆள் தேடாமல், நின்ற நிலையிலேயே சுமையை இறக்கி வைத்து மூச்சு வாங்குகிற உயரம். அதற்குப் பெயர் சுமைதாங்கி.