மீள்திறனா, பின்னடைவா?

பெருவெள்ளத்துக்குப் பின் ஓடை மீன்கள் 'நல்ல பின்னடைவு காட்டின' என்று எழுதினால் என்ன புரியும்? செத்துக் குறைந்துவிட்டன என்றுதானே? ஆங்கில மூலத்தில் இருப்பது நேர் எதிர்: பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன. ரெசிலியன்ஸ் (resilience) என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னடைவு என்று போடுவதை இயந்திர மொழிபெயர்ப்பில் பார்த்துச் சலித்துவிட்டது. மனிதர்களும் அதை அப்படியே ஒட்டிவிடுகிறார்கள்.

இலத்தீனில் 'ரெசிலிரே' என்றால் துள்ளித் திரும்புதல். சூழலியலில் இச்சொல்லை நிலைநாட்டியவர் கனடாவின் சூழலியலாளர் ஹோலிங், 1973இல். அதிர்ச்சியை ஏற்ற பிறகும் ஓர் அமைப்பு குலையாதிருப்பதை அவர் குறித்தார். மீளும் வேகத்தையும் பிறர் இச்சொல்லாலேயே அளந்தார்கள்.

பின்னடைவைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். தொல்லை தருவது அதே இடத்தில் சிலர் போடும் 'தாங்குதிறன்'. நல்ல சொல்தான், ஆனால் அது ரெசிஸ்டன்ஸ் (resistance) என்ற வேறொரு சொல்லுக்கு உரியது. வெள்ளத்தில் மீன் பாறைக்குப் பின்னாலும் ஓட்டம் தணிந்த கரையோரத்திலும் ஒதுங்கி, அடித்துப் போகாமல் நிற்பது தாங்குவது. முட்டையும் குஞ்சும் அப்படி நிற்க முடியாது. கூழாங்கல் படுகை புரண்டால் அந்த ஆண்டின் குஞ்சுத் தலைமுறையே போய்விடலாம். அப்புறம் கிளையோடைகளிலிருந்து மீன்கள் நீந்தி வருகின்றன, தப்பியவை முட்டையிடுகின்றன. சீக்கிரம் முதிரும் சிறு மீன்கள் முதலில் பெருகும். மெதுவாக வளர்ந்து நெடுநாள் வாழும் இனங்களுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். இது மீளுவது. அமெரிக்காவின் ஆர்க்கன்சாஸில் உள்ள பைனி ஓடையில் 1982 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. ஓராண்டுக்குள் அங்கே மீன் இனங்களின் கட்டமைப்பு ஏறக்குறைய பழையபடி ஆனது. அவை தாங்கினவா, போய் மீண்டனவா என்று கேட்க வேண்டுமானால் இரண்டு சொற்கள் வேண்டும். குறுக்கே ஓர் அணை கட்டி மேலேறும் வழியை அடைத்துப் பாருங்கள்: பாறைக்குப் பின் ஒதுங்கும் மீனின் தாங்குதிறன் அப்படியே இருக்கும், மீள்திறன் சரிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டவர் இதை எப்படி எழுதுவார்?

'நெகிழ்திறன்' இன்னொரு செல்லப்பிள்ளை. நெகிழ்வது வளைவது, குழைவது. இங்கே எதுவும் வளையவில்லை. கூட்டம் கலைந்து மறுபடி சேர்கிறது.

ஆகவே மீள்திறன். இயற்பியலின் மீள்தன்மையோடு குழம்பும் என்பார்கள். தன்மை வேறு, திறன் வேறு, வாசகருக்கு அது தெரியும். ஹோலிங்கின் முழுப் பொருளும் இதில் அடங்காது, சரி. அந்த இடத்தில் ஒரு வரி விளக்கம் எழுதினால் போதும்.

ஒரே ஓடையில் சேர்ந்து வாழும் பல இனங்களைச் சூழலியல் மீன் சமூகம் என்கிறது. அதை மீனவ சமூகமாக்கி, பின்னடைவையும் சேர்த்துவிட்டால், வெள்ள நிவாரணம் கேட்கும் செய்தி தயார்.