சொல் விளக்கம்: இ-ஸ்போர்ட்ஸ் வீரரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இ-ஸ்போர்ட்ஸ் (பரிசுக்காக நடக்கும் வீடியோ கேம் போட்டிகள்) ஆடிப் பிழைப்பவரைப் பற்றித் தமிழில் எந்தச் செய்தி வந்தாலும் ‘இணைய விளையாட்டு வீரர்’ என்று போட்டுவிடுகிறார்கள். தமிழ்ப் பற்று கொஞ்சம் கூடுதலாக உள்ளவர் எழுதினால் ‘மின்விளையாட்டு வீரர்’ என்று வரும். அவசரத்தில் இருப்பவர் ‘ஆன்லைனில் கேம் விளையாடும் இளைஞர்’ என்று முடித்துக்கொள்வார். இவற்றில் ஒன்றுகூட அந்த ஆள் என்ன வேலை செய்கிறார் என்பதைச் சொல்லவில்லை. முதல் சொல் நடப்புக்கே மாறானது. அது திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதால்தான் இதை எழுதுகிறேன்.

வேர்க்கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஸ்போர்ட் என்பது பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்து, முதல் அசையை உதிர்த்துவிட்ட சொல். மனத்தை வேறு பக்கம் திருப்புதல், பொழுதுபோக்கு என்பதுதான் பழைய பொருள். விதிகளுக்கு உட்பட்டு மோதும் போட்டி என்ற பொருள் பின்னால் ஏறியது. முன்னால் நிற்கும் ‘இ’ எலக்ட்ரானிக் என்பதன் சுருக்கம். இமெயிலில் இருக்கும் அதே ‘இ’. இரண்டும் ஒட்டிக்கொண்டது 1990களின் கடைசியில். இடையில் இருந்த சிறு கோட்டை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக்கையேடு 2017இல் எடுத்துவிட்டது. தமிழில் ஒலி தெளிவாக இருக்கட்டும் என்று நான் கோட்டை வைத்துக்கொள்கிறேன்.

சொல் புதிது, செயல் பழையது. 1972 அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ‘ஸ்பேஸ்வார்’ என்ற கணினி ஆட்டத்துக்குப் போட்டி வைத்தார்கள். பரிசு, ஒரு பத்திரிகைக்கு ஓராண்டுச் சந்தா. 1997இல் ‘குவேக்’ போட்டியில் வென்ற டென்னிஸ் ஃபாங் அந்த ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவருடைய ஃபெராரி காரைப் பரிசாக வென்றார். அந்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் இது பிழைப்புக்கு வழியாகும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.

சரி, ‘இணைய விளையாட்டு’க்கு வருவோம். இந்தத் துறையின் பெரிய போட்டிகளில் இறுதிச் சுற்றுகள் அரங்கத்தில் நடக்கின்றன. இரண்டு அணிகளும் ஒரே மேடையில் எதிரெதிரே உட்கார்ந்து, உள்ளரங்க வலையமைப்பில் இணைந்த கணினிகளில் ஆடுகின்றன. தொலைதூர இணைப்பில் தகவல் போய்வர ஆகும் நொடியின் சிறு பங்குகூட வெற்றி தோல்வியை மாற்றிவிடும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. இணையத் தாமதத்தை விலக்குவதற்காக ஆட்களை விமானத்தில் ஏற்றி ஓர் ஊருக்கு வரவழைக்கிறார்கள். அதற்குப் போய் ‘இணைய’ என்று பெயர் வைத்தால் எப்படி? 2020இல் பெருந்தொற்று வந்தபோது பல போட்டிகள் வேறு வழியில்லாமல் இணையத்துக்கு மாறின. ஒரு கண்டத்தில் இருப்பவரும் இன்னொரு கண்டத்தில் இருப்பவரும் சமமாக மோத முடியாததால் அவற்றை வட்டாரம் வட்டாரமாகப் பிரிக்க வேண்டியிருந்தது. ‘டோட்டா 2’ ஆட்டத்தின் பெரும் போட்டியான ‘தி இன்டர்நேஷனல்’ அந்த ஆண்டு நடக்கவே இல்லை, அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போனது.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. இணைய விளையாட்டு என்ற பெயரை இன்னொரு கூட்டம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. பணம் கட்டி ஆடும் சீட்டாட்டச் செயலிகளையும் இதே பெயரில்தான் எழுதுகிறோம். ஒருவன் கடனில் மூழ்கியதைச் சொல்லும் செய்தியிலும், ஒருத்தி அணிக்கு ஒப்பந்தம் ஆனதைச் சொல்லும் செய்தியிலும் ஒரே சொல் இருந்தால் வாசகர் என்ன நினைப்பார்? பெற்றோர் என்ன நினைப்பார்கள்? பந்தயம் கட்டுவது இந்தத் துறையில் ஆட்டக்காரரின் தொழிலையே முடித்துவைக்கும் குற்றம். 2010இல் தென்கொரியாவில் ‘ஸ்டார்கிராஃப்ட்’ ஆட்டங்களில் சூதாட்டத்துக்காக முடிவை மாற்றிய விவகாரம் வெளிவந்தபோது, புகழின் உச்சியில் இருந்தவர்கள் உட்படப் பலருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். சூதைத் துரத்திய துறைக்கே சூதின் பெயர் ஒட்டிக்கொள்வது அநியாயம்.

அடுத்தது ‘மின்விளையாட்டு’. இதை ஆதரிப்பவர்கள் பலர், அவர்களுடைய வாதமும் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. எலக்ட்ரானிக்குக்கு மின், ஸ்போர்ட்ஸுக்கு விளையாட்டு. மின்னஞ்சல், மின்னூல், மின்வணிகம் எல்லாம் நிலைத்துவிட்டன, இதுவும் நிலைக்கும் என்கிறார்கள். ‘மின்’ மீது எனக்குப் புகார் இல்லை. புகார் எல்லாம் ‘விளையாட்டு’ மீதுதான்.

ஆங்கிலத்தில் பிளே, கேம், ஸ்போர்ட் என்று மூன்று சொற்கள் தனித்தனியாக நிற்கின்றன. குழந்தை மணலில் செய்வது ஒன்று, விதிகளோடு ஆடுவது ஒன்று, களத்தில் போட்டியிடுவது ஒன்று. தமிழில் மூன்றுக்கும் விளையாட்டுதான். அது நம் மொழியின் குறை அல்ல. தொல்காப்பியம் உவகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாக விளையாட்டைச் சொல்கிறது, அதையும் ‘அல்லல் நீத்த உவகை’ என்கிறது. விளையாட்டின் அடியில் இருப்பது விருப்பம், துன்பமில்லாத மகிழ்ச்சி. இன்றைய பேச்சிலும் அந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது. ‘விளையாட்டாகச் சொன்னேன்’ என்றால் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை என்று பொருள். ‘விளையாட்டுப் பிள்ளை’ என்றால் பொறுப்பு வராதவன்.

இப்போது மின்விளையாட்டு என்று சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒரு சிறுவன் கைப்பேசியில் பழங்களை வெட்டிக்கொண்டிருப்பதும் மின்விளையாட்டுதான். பத்து ஆண்டு அனுபவமுள்ள ஆட்டக்காரர் ஆயிரக்கணக்கானோர் முன்னால் மேடையேறுவதும் மின்விளையாட்டுதான். ஆங்கிலத்தில் வீடியோ கேம் வேறு, இ-ஸ்போர்ட்ஸ் வேறு. அந்த வேறுபாட்டைக் காட்டத்தான் ‘ஸ்போர்ட்ஸ்’ என்ற சொல்லையே கொண்டுவந்து ஒட்டினார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் நேர்ச்சொல் போட்ட நம் மொழிபெயர்ப்பு, எதைச் சொல்வதற்காக அந்தச் சொல் பிறந்ததோ அதையே தவறவிட்டுவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். மேலே சொன்ன ‘தி இன்டர்நேஷனல்’ ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடக்க வேண்டியது. பரிசுத் தொகை 4 கோடி டாலருக்கு மேல். 2021இல் ஸ்வீடனின் விளையாட்டுக் கூட்டமைப்பு இ-ஸ்போர்ட்ஸைத் தன்னுடன் சேர்த்துக்கொள்ள மறுத்தது. உயர்நிலை விளையாட்டு நிகழ்வு என்ற வகையில் இந்தப் போட்டி வராது என்று அரசும் சொல்லிவிட்டது. அந்த வகையில் வராவிட்டால் வெளிநாட்டு வீரர்களுக்கு விசா கிடைப்பதே சிக்கல். போட்டியை ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகருக்கு மாற்றினார்கள். 2013இல் அமெரிக்கா இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ ஆட்டக்காரர்களை விளையாட்டு வீரர்களுக்குரிய விசா வகையில் ஏற்றுக்கொண்டது. எந்த வகையில் சேர்க்கிறார்கள், என்ன பெயரில் அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒருவர் எல்லையைத் தாண்டுவதும் தாண்டாததும் முடிவாகிறது.

மற்ற மொழிக்காரர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால் நமக்கும் வழி தெரியும். கொரியர்கள் ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள்; ஆட்டக்காரரைப் ‘புரோகேமர்’ என்பார்கள். சீனர்கள் அப்படிச் செய்யவில்லை. மின்னணு என்ற சொல்லோடு, திறன் காட்டி மோதும் போட்டி என்ற பொருள் தரும் சொல்லைச் சேர்த்தார்கள். 2019இல் சீன அரசு அங்கீகரித்த புதிய தொழில்களின் பட்டியலில் அந்தப் பெயரிலேயே வீரரும் இடம்பெற்றார். பிரான்ஸ் இன்னும் தெளிவாகச் செய்தது. 2022இல் அரசிதழில் வந்த சொற்பட்டியல் இ-ஸ்போர்ட்ஸுக்குத் தந்தது ‘போட்டி வீடியோ ஆட்டம்’ என்ற பொருளுள்ள தொடரை. அதற்கு முன்பே, 2016இல் வந்த சட்டம் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர் யார் என்று வரையறுத்து, அவருடைய ஒப்பந்தம் பொதுவாக ஓராண்டுக்குக் குறையாமலும் ஐந்தாண்டைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று வைத்தது. சீனர்களும் பிரெஞ்சுக்காரர்களும் ஸ்போர்ட்டுக்கு நேர்ச்சொல் தேடி நிற்கவில்லை. ‘போட்டி’யைப் பிடித்தார்கள்.

நாமும் அதைத்தான் பிடிக்க வேண்டும். என் பரிந்துரை இது: வீடியோ கேம் என்றால் மின்னாட்டம். இ-ஸ்போர்ட்ஸ் என்றால் மின்னாட்டப் போட்டி. ஆடுபவர் மின்னாட்ட வீரர், அதுவே பிழைப்பாக இருந்தால் தொழில்முறை மின்னாட்ட வீரர். கால்பந்தாட்டம், கால்பந்தாட்டப் போட்டி, கால்பந்தாட்ட வீரர் என்று நம் வாயில் ஏற்கெனவே பழகிய அமைப்பு இது. புதிதாக எதையும் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

‘ஆட்டம்’ என்றால் நடனமும் சூதாட்டமும் நினைவுக்கு வருமே என்று ஒரு மறுப்பு எழும். கரகாட்டம் என்று கேட்டவுடன் யாரும் பந்தைத் தேடுவதில்லை, பந்தாட்டம் என்று கேட்டவுடன் யாரும் கரகத்தைத் தேடுவதில்லை. முன்னால் நிற்கும் சொல் பொருளைக் கட்டிவிடும். சூதாட்டத்தில் குற்றம் சூதுக்குத்தான், ஆட்டத்துக்கு இல்லை. மேலும் ஆட்டம் என்ற சொல்லில் போட்டியின் வாடை இயல்பாகவே இருக்கிறது. அரையிறுதி ஆட்டம், ஆட்ட நாயகன், தொடக்க ஆட்டக்காரர் என்று நாள்தோறும் எழுதுகிறோம். அரையிறுதி விளையாட்டு என்று யாரும் எழுதுவதில்லை. 2025இல் ரியாத்தில் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் சதுரங்கத்தையும் சேர்த்தார்கள், மாக்னஸ் கார்ல்சன் வென்றார். சதுரங்க ஆட்டத்தைத் திரையில் ஆடினால் அதுவும் மின்னாட்டம்தான், சொல் தடுமாறாமல் அதையும் தாங்குகிறது.

வேறு சில ஆக்கங்களும் உலவுகின்றன. ‘காணொளி விளையாட்டு’ ஏற்கத்தக்கது அல்ல. காணொளி பார்ப்பதற்கு, இது கையால் ஆடுவதற்கு. ‘நிகழ்பட ஆட்டம்’ பிழையில்லாத சொல், ஆனால் இத்தனை ஆண்டுகளில் பேச்சில் இறங்கவில்லை. தூய தமிழ்ச் சொல் எதுவும் பிடிக்கவில்லையென்றால் ‘வீடியோ கேம் போட்டி’ என்றே எழுதுங்கள். பொருள் தவறிய தமிழைவிடப் பொருள் சரியான கடன்சொல் எனக்கு மேல். தூய்மையை விரும்புகிறவன்தான் நானும், ஆனால் தெளிவை விற்றுத் தூய்மை வாங்க முடியாது.

‘வீரர்’ மிகை, உட்கார்ந்து ஆடுபவருக்கு எதற்கு அந்தப் பட்டம் என்று கேட்டு ‘விளையாட்டாளர்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். சதுரங்க வீரர் என்று எழுதும்போது வராத தயக்கம் இங்கே மட்டும் ஏன் வருகிறது? இந்தத் தொழிலை ஒரு முறையாவது உற்றுப் பார்த்துவிட்டு எழுதினால் அந்தக் கேள்வியே வராது. தரவரிசையில் மேலே வருபவரை அணிகள் கவனிக்கின்றன, இளையோர் அணியில் சேர்த்துப் பார்க்கின்றன. அப்புறம் ஒப்பந்தம், பயிற்சியாளர், எதிரணியின் ஆட்டத்தைப் பிரித்துப் படிக்கும் ஆய்வாளர், நாள் முழுக்க மற்ற அணிகளோடு பயிற்சி ஆட்டங்கள். ஒப்பந்தம் முடியும் முன்பே வேறு அணி கேட்டால் விலை பேசி மாற்றுவார்கள். 2015 முதல் சில போட்டிகளில் ஊக்கமருந்துச் சோதனையும் உண்டு. ஒரு சிக்கல் கால்பந்தில் இல்லாதது: கால்பந்துக்கு உரிமையாளர் கிடையாது, மின்னாட்டத்துக்கு ஒரு நிறுவனம் உரிமையாளர். அது ஆட்டத்தை மாற்றும் ஒரு புதுப்பிப்பை வெளியிட்டால், நேற்று வரை ஒருவர் கைவசம் வைத்திருந்த திறமை இன்று பயன்படாமல் போகலாம். தொல்காப்பியம் சொன்ன அல்லல் நீத்த உவகைக்கு இங்கே இடம் குறைவு.

இதனால்தான் ஆங்கிலக் ‘கேரியர்’ (career) என்பதற்கு எல்லா இடத்திலும் ‘தொழில் வாழ்க்கை’ என்று போடுவதும் சரியில்லை. களத்தில் ஆடும் ஆண்டுகள் வேறு, அந்தத் துறையில் பிழைக்கும் ஆண்டுகள் வேறு. முதலாவதை ஆட்டக்காலம் என்று சொல்லலாம். ‘ஃபேக்கர்’ என்ற பெயரில் ஆடும் கொரியர் இ சாங்-ஹ்யோக் 2013இல் ‘லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்’ உலகப் போட்டியை வென்றார், 2024இலும் வென்றார், ஆட்டக்காலம் அவ்வளவு நீண்டவர்கள் அரிது. பலருக்கு ஆட்டக்காலம் சில ஆண்டுகளில் முடிகிறது. அதற்குப் பிறகு பயிற்சியாளராகவோ, வர்ணனையாளராகவோ, நேரலையில் ஆடிக் காட்டுபவராகவோ இருப்பதும் சேர்ந்ததுதான் தொழில் வாழ்க்கை.

இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் ‘ஓய்வு பெற்றார்’ என்ற சொல்லும் தப்பாகிவிடுகிறது. ‘உசி’ என்று அறியப்பட்ட சீன வீரர் ஜியான் சிஹாவ் 2020 ஜூனில், 23 வயதில், இரண்டாம் வகை நீரிழிவும் கைவலியும் காரணமாக ஆட்டத்தை நிறுத்தினார். ஓய்வு பெறுதல் என்றால் தமிழ் வாசகர் மனத்தில் வருவது வயது முதிர்ந்து, பணிக்காலம் முடிந்து வீட்டுக்குப் போவது. அவர் செய்தது ஆட்டத்திலிருந்து விலகியது. பின்னர் திரும்பி வந்து மறுபடியும் ஆடினார். ‘விலகினார்’ என்று எழுதியிருந்தால் ‘திரும்பினார்’ என்ற அடுத்த செய்தியும் இயல்பாகப் பொருந்தியிருக்கும்.